தருமபுரியில் ஓர் உளவியல் ஆய்வு: கேள்வி எழுதுவது முதல் முடிவைத் திரும்பப் போய்ச் சொல்வது வரை

நல்லம்பள்ளி பக்கம் ஒரு கிராமத்துக்கு, என்னிடம் புராஜெக்ட் செய்த மாணவியோடு கேள்வித்தாள் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அம்மா, கையைத் துடைத்துக்கொண்டு எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கிளம்பும்போது, "போன தடவையும் ரெண்டு பேர் வந்து எழுதிக்கிட்டுப் போனாங்க கண்ணு, அது என்ன ஆச்சு?" என்று கேட்டார். என்ன சொல்வதென்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

இந்த மாவட்டத்துக்குக் கேள்வித்தாள் புதிதல்ல. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு, பல்லில் பழுப்புக் கறை, பெண் சிசுக்கொலை, குழந்தைத் திருமணம், பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகிற குடும்பங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் யாராவது வந்து கேட்டிருக்கிறார்கள். கேட்டதற்கு என்ன முடிவு வந்தது என்று சொல்லத் திரும்பி வந்தவர்கள், எனக்குத் தெரிந்தவரை, மிகக் குறைவு.

பாடத்திட்டத்தில் புள்ளியியல் ஒரு தாளாகவும் ஆய்வு நெறி கடைசி யூனிட்டாகவும் இருக்கும். களத்தில் இரண்டையும் பிரிக்க முடியாது. கேள்வித்தாளில் விழும் ஒவ்வொரு டிக்கும் யாரோ ஒருவர் வேலையை விட்டுவிட்டுக் கொடுத்த நேரம். கணக்கைத் தப்பாகப் போட்டால் அந்த நேரத்தை வீணாக்கினோம் என்றுதான் அர்த்தம். அதனால் இந்த வழிகாட்டியில் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். முதுநிலை உளவியல் புராஜெக்டை முதல்முறை செய்கிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். உதாரணமாக ஒரே ஒரு ஆய்வை ஆரம்பம் முதல் கடைசி வரை கூட்டிப் போவோம். அதில் வரும் எண்கள் எல்லாம் கணக்கு விளங்குவதற்காக நான் போட்டவை.

முதல் படி: கேள்வியைச் சுருக்குவது

"கல்லூரி மாணவர்களின் மனநலம்" என்று தலைப்போடு வருவார்கள். அது தலைப்பு, கேள்வி இல்லை. பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கமிருந்து தினமும் பஸ்ஸில் வரும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். காலையில் முதல் பீரியடிலேயே களைத்துப்போய் உட்கார்ந்திருப்பார்கள். அப்போது கேள்வி இப்படி இருக்கலாம்: பஸ்ஸில் வந்து போகும் மாணவர்களின் மன அழுத்தம், ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவர்களைவிட அதிகமா?

இதில் இரண்டு குழுக்கள் இருக்கின்றன, அளக்க வேண்டியது ஒன்று. இவ்வளவு தெளிவாக இருந்தால்தான் பின்னால் எந்தக் கணக்குப் போடுவது என்று தவிக்க வேண்டியிருக்காது. கேள்வியையும், எந்தச் சோதனை போடப்போகிறீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கைடிடம் கையெழுத்து வாங்கி வைத்துவிடுங்கள். இந்தத் தாளின் அருமை எட்டாவது படியில் தெரியும்.

இரண்டாம் படி: அளவுகோலும் தமிழும்

மன அழுத்தத்தை அளக்க ஷெல்டன் கோஹனும் உடன் பணியாற்றியவர்களும் 1983-இல் வெளியிட்ட அளவுகோலின் பத்துக் கேள்வி வடிவத்தைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். கடந்த ஒரு மாதத்தில் எப்படி இருந்தது என்று கேட்கும். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 0 முதல் 40. இதில் 4, 5, 7, 8 ஆகிய நான்கு கேள்விகள் நல்லவிதமாகக் கேட்கப்பட்டவை. அவற்றின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டுத்தான் கூட்ட வேண்டும்: 4 என்பது 0 ஆகும், 3 என்பது 1 ஆகும். புராஜெக்டுகளில் நான் அதிகம் பார்த்த தப்பு, இதைத் திருப்பாமல் விடுவதுதான். அப்படி விட்டால் பின்னால் வரும் ஒவ்வொரு எண்ணும் பொய்.

அப்புறம் மொழி. தமிழில் "மன அழுத்தம்" என்ற சொல்லை ஒரு பத்திரிகை ஸ்ட்ரெஸ் என்ற பொருளிலும் இன்னொன்று மனச்சோர்வு (டிப்ரஷன்) என்ற பொருளிலும் எழுதுகிறது. கேள்வித்தாளில் இது கலந்துவிடக் கூடாது. நம் பிள்ளைகள் பேசும்போது "டென்ஷனா இருக்கு", "மனசு சரியில்ல", "படபடன்னு வருது" என்றுதான் சொல்வார்கள். மூன்றும் ஒன்றல்ல. ஆகவே ஒருவர் தமிழில் பெயர்க்கட்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகட்டும். இரண்டும் எங்கே பொருந்தவில்லையோ அங்கே உட்கார்ந்து பேசுங்கள். பிறகு பத்து மாணவர்களிடம் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஓசூர், தளி பக்கம் ஆய்வு செய்கிறவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. அங்கே பல வீடுகளில் பேச்சுமொழி தெலுங்கு அல்லது கன்னடம். பள்ளியில் தமிழ் படித்தவர் என்பதால் மனசைப் பற்றித் தமிழில் யோசிப்பார் என்று நாமாக முடிவுகட்டக் கூடாது.

அளவுகோலின் உள்ளிசைவை, அதாவது அதன் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைப் பார்க்கக் கிரான்பாக் ஆல்ஃபா என்ற எண்ணைக் கணக்கிடுவார்கள். 0.70-க்கு மேல் இருந்தால் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். புத்தகத்தில் இருக்கும் ஆல்ஃபாவை எடுத்து எழுதாதீர்கள். உங்கள் மாணவர்களிடம் கிடைத்த ஆல்ஃபாவை எழுதுங்கள்.

மூன்றாம் படி: எத்தனை பேர், யார் யார்

"சார், 30 பேர் போதுமா?" இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை. பதில், எவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நடுத்தரமான வித்தியாசத்தை, அது உண்மையில் இருந்தால், 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்கக் குழுவுக்குச் சுமார் 64 பேர் வேண்டும். இரண்டு குழுவுக்கும் சேர்த்து 128.

இதை வெறும் சூத்திரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பஸ் குழுவின் சராசரி 21, ஹாஸ்டல் குழுவின் சராசரி 18, இரண்டிலும் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 6 என்று வையுங்கள். குழுவுக்கு 15 பேர் என்றால் டி மதிப்பு 1.37 வரும், பி மதிப்பு 0.18 அளவில் இருக்கும் (இவற்றின் பொருளை ஏழாம் படியில் பார்ப்போம்; பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால்தான் வித்தியாசம் உண்டு என்று வழக்கமாக எடுத்துக்கொள்வார்கள்). "வித்தியாசம் இல்லை" என்று எழுதி பைண்டு போட்டுவிடுவீர்கள். அதே சராசரி, அதே விலக்கம், குழுவுக்கு 64 பேர் என்றால் டி மதிப்பு 2.83, பி மதிப்பு 0.005 அளவு. முடிவு தலைகீழாகிறது. 30 பேரின் நேரத்தை வாங்கிக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாத ஆய்வு செய்வது நெறிப்படியும் தவறு என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது, அன்றைக்கு வகுப்பில் இருந்தவர்களிடம் மட்டும் தாளைக் கொடுப்பது வழக்கம். யோசித்துப் பாருங்கள்: அதிகம் கஷ்டப்படுகிறவர் அன்றைக்கு வராமல் போயிருக்கலாம். பஸ் தவறியிருக்கலாம், தக்காளி பறிக்கும் நாளாக இருந்திருக்கலாம். வருகைப் பதிவேட்டில் ஒரு எண்ணைக் குலுக்கி எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு ஐந்தாவது பெயரையும் குறித்துக்கொண்டு, வராதவர்களை அடுத்த நாளும் தேடிப் போங்கள். முடியவில்லை என்றால், கையில் கிடைத்தவர்களிடம் கேட்டோம் என்று அறிக்கையில் நேராக எழுதிவிடுங்கள்.

நான்காம் படி: ஒப்புதல்

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் பலரும் ஒரு கையெழுத்தோடு முடித்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் டஸ்கீகி என்ற இடத்தில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களை, சிகிச்சை கொடுக்காமல் வெறுமனே கவனித்துக்கொண்டிருந்தார்கள். பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. அவர்களிடம் உண்மையைச் சொல்லவும் இல்லை. இது வெளியே வந்த பிறகு உருவானதுதான் 1979-இன் பெல்மான்ட் அறிக்கை. அது மூன்று கொள்கைகளைச் சொல்கிறது: மனிதரை மதிப்பது, நன்மை செய்து தீங்கைக் குறைப்பது, நியாயம். மூன்றாவதைத் தருமபுரிக்காரர்கள் இரண்டு முறை படிக்க வேண்டும். ஆய்வின் சுமையை ஒரு ஊர் சுமந்து, பலன் வேறொரு ஊருக்குப் போகக் கூடாது என்பது அதன் சாரம். இந்தியாவில் நாம் பின்பற்ற வேண்டியது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள். சமூக, நடத்தை ஆய்வுகளுக்கும் அதில் தனிப் பகுதி உண்டு.

தகவல் சேகரிக்கும் முன்பே கல்லூரி அல்லது பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்குங்கள். சேகரித்த பிறகு வாங்கும் அனுமதிக்கு அர்த்தமில்லை. முதல்வர் கொடுக்கும் அனுமதிக் கடிதம் உங்களை வளாகத்துக்குள் விடுவதற்கு மட்டும்தான். மாணவரின் ஒப்புதலை மாணவர்தான் தர வேண்டும்.

இனி வயது. கல்லூரி மாணவர் என்றாலே 18 ஆனவர் என்று எழுதிவிடுகிறோம். பிளஸ் டூ முடித்துவிட்டு ஜூன், ஜூலையில் சேரும் முதலாண்டுப் பிள்ளைகளில் பலருக்கு 17 வயதுதான். அவர்களைச் சேர்த்தால் பெற்றோரின் ஒப்புதலும், பிள்ளையின் எழுத்துமூலமான இசைவும் இரண்டும் வேண்டும். 18 நிறைந்தவர்களை மட்டும் எடுக்கிறோம் என்றும் முடிவு செய்யலாம். அப்படியானால் முதலாண்டின் பெரும்பகுதி விட்டுப்போகும், ஆகவே முடிவு முதலாண்டுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஒரு நெறி முடிவு எப்படிப் புள்ளியியல் முடிவாகவும் மாறுகிறது பாருங்கள்.

படிவத்தில் என்ன இருக்க வேண்டும்? யார் நடத்துகிறார்கள், எதற்கு, எவ்வளவு நேரம் ஆகும், என்ன அசௌகரியம் வரலாம், தகவல் யாரிடம் இருக்கும், எப்போது அழிக்கப்படும், நடுவில் எழுந்து போகலாம், போனால் மார்க்கில் ஒன்றும் குறையாது. வாசித்துக் காட்டி, "நான் சொன்னதை உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் என்றால் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூடவே இருக்க, முழுவதையும் வாசித்துச் சொல்லிக் கைநாட்டு வாங்க வேண்டும். சாட்சியும் கையெழுத்திட வேண்டும்.

இன்டர்னல் மார்க் போடும் ஆசிரியர் தன் வகுப்பிலேயே தாளைக் கொடுத்தால், வேண்டாம் என்று எந்தப் பிள்ளை சொல்லும்? வார்டன் நின்றுகொண்டிருக்கும்போது ஹாஸ்டல் பிள்ளை எப்படி நேர்மையாக எழுதுவாள்? இவர்கள் இருவரும் அந்த அறையில் இல்லாதபடி ஏற்பாடு செய்வது உங்கள் பொறுப்பு.

ரகசியம் காப்போம் என்று வாக்குக் கொடுக்கும்போது அதன் எல்லையையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரியவந்தால், 2012-இன் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். "யாரிடமும் சொல்ல மாட்டோம்" என்று எழுதிவிட்டு, பிறகு அப்படி ஒன்று வந்தால், சட்டத்தை மீறுவீர்கள் அல்லது அந்தப் பிள்ளையின் நம்பிக்கையை மீறுவீர்கள்.

ஐந்தாம் படி: தாளைக் கொடுக்கும் நாள்

மனச்சோர்வையும் சேர்த்து அளக்கலாமே என்று பலர் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வி அளவுகோலைச் சேர்ப்பார்கள். அதன் ஒன்பதாவது கேள்வி, சாவதே மேல் என்ற எண்ணமோ தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்று கேட்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பிள்ளை கூகுள் ஃபார்மில் அதற்கு "கிட்டத்தட்ட தினமும்" என்று டிக் செய்கிறாள். நீங்கள் அந்த ஷீட்டைத் திறப்பது பத்து நாள் கழித்து, சராசரி போடுவதற்காக. இதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது. அந்தக் கேள்வியைக் கேட்பதென்றால் நேரில் கேளுங்கள். எல்லாத் தாளையும் அன்றைக்கே புரட்டிப் பாருங்கள். 0 அல்லாத பதில் வந்தால் யார் பேசுவது, எங்கே அழைத்துப் போவது என்று முன்பே கல்லூரி ஆலோசகரிடமும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் பேசி வைத்திருங்கள். இந்த ஏற்பாடு செய்ய முடியாதவர்கள் அந்த அளவுகோலையே தொட வேண்டாம். எப்படியானாலும், பங்கேற்ற எல்லோருக்கும், கேட்டவர் கேட்காதவர் என்ற பேதமில்லாமல், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 அச்சிட்ட சீட்டைக் கொடுத்து அனுப்புங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் இலவசமாகப் பேசலாம்.

ஆறாம் படி: தகவலைப் பதிவது

இது வேகமாக முடியும் வேலை, ஆனால் கவனம் வேண்டும். பெயருக்குப் பதில் எண் கொடுங்கள். எண்ணும் பெயரும் சேர்ந்த பட்டியல் வேறு இடத்தில், பூட்டில் இருக்கட்டும். எக்செல் ஃபைலை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பதில் எழுதாத இடத்தில் 0 போடாதீர்கள், காலியாக விடுங்கள். 0 என்பது "ஒருபோதும் இல்லை" என்ற பதில். பத்துத் தாளுக்கு ஒன்றை எடுத்து இன்னொருவரை மறுபடி பதியச் சொல்லி ஒப்பிடுங்கள்.

ஏழாம் படி: கணக்கு

எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் வாங்க வசதி இல்லை என்று கவலைப்பட வேண்டாம். ஜமோவி, ஜாஸ்ப் இரண்டும் இலவசம், இங்கே தேவையான எல்லாம் அவற்றில் உண்டு. இருந்தாலும் முதல் கணக்கைக் கையால் போடுங்கள்.

ஏழு மாணவர்களின் பயண நேரம், நிமிடக் கணக்கில்: 20, 25, 30, 30, 35, 40, 135. கடைசி ஆள் சித்தேரி மலையிலிருந்து இறங்கி வருகிறவர் என்று வையுங்கள். மொத்தம் 315, சராசரி 45. ஆனால் ஏழு பேரில் ஆறு பேருக்கு 45 நிமிடம் ஆவதே இல்லை. வரிசையில் நடுவில் நிற்பது 30, அதுதான் இடைநிலை. இப்படி ஒரு பக்கம் இழுபடும் தகவலுக்கு இடைநிலையைச் சொல்லுங்கள். ஆனால் 135-ஐ "விதிவிலக்கு" என்று நீக்கிவிடாதீர்கள். அந்த மலைப்பிள்ளை தட்டச்சுப் பிழை அல்ல. நம் கேள்விக்கு அவர்தான் முக்கியமானவராகக்கூட இருக்கலாம்.

அடுத்தது பரவல். ஒன்பது பேரின் மன அழுத்த மதிப்பெண்: 14, 16, 17, 18, 19, 20, 21, 22, 24. சராசரி 19. ஒவ்வொன்றிலிருந்தும் 19-ஐக் கழித்து, வருவதை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 78. ஒன்பது பேர் என்பதால் ஒன்று குறைத்து 8-ஆல் வகுக்கிறோம், 9.75. அதன் வர்க்கமூலம் 3.12. இதுதான் திட்ட விலக்கம். ஆள் ஆளுக்குச் சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்று அது சொல்கிறது. சராசரி மட்டும் எழுதிவிட்டு விலக்கத்தை விட்டுவிடுவது, ஊரின் பெயரைச் சொல்லித் தெருவைச் சொல்லாமல் விடுவது போல.

இப்போது இரண்டு குழுக்களை ஒப்பிடும் டி டெஸ்ட். டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காஸெட், சிறிய மாதிரிகளை வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டியிருந்ததால் உருவாக்கிய முறை இது. 1908-இல் "ஸ்டூடன்ட்" என்ற புனைபெயரில் வெளியிட்டார். குழுவுக்கு 64 பேர் கொண்ட நம் உதாரணத்தில் பி மதிப்பு 0.005 வந்தது. இதற்கு என்ன அர்த்தம்? உண்மையில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக மாதிரியில் வந்துவிடும் வாய்ப்பு ஆயிரத்தில் ஐந்து. அவ்வளவுதான். "எங்கள் கருதுகோள் 99.5 சதவீதம் உண்மை" என்று வைவாவில் சொன்னால் அது தப்பு.

பி மதிப்போடு நிறுத்தாதீர்கள். வித்தியாசம் 3 மதிப்பெண், அதை விலக்கம் 6-ஆல் வகுத்தால் 0.5. வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று இது சொல்கிறது. ஜேக்கப் கோஹன் (இரண்டாம் படியில் வந்த ஷெல்டன் கோஹன் வேறு ஆள்) சொன்ன அளவில் 0.2 சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது. 95 சதவீத நம்பக இடைவெளி 0.9 முதல் 5.1 வரை. அதாவது வித்தியாசம் ஒரு மதிப்பெண்ணுக்கும் கீழேயும் இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம். ஹாஸ்டல் கட்ட வேண்டும், பஸ் விட வேண்டும் என்று யாரிடமாவது பேசப்போகும்போது இந்த இடைவெளிதான் கைகொடுக்கும்.

பயண நேரத்துக்கும் மன அழுத்தத்துக்கும் ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று சொல்லும் எண்) 0.30 என்று வந்தால், அதை வர்க்கப்படுத்துங்கள்: 0.09. மன அழுத்தத்தில் காணும் ஏற்றத்தாழ்வில் 9 சதவீதம்தான் பயண நேரத்தோடு சேர்ந்து போகிறது. சேர்ந்து போவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. கிருஷ்ணகிரியில் மாம்பழம் நிறைய விற்கும் மாதத்தில் மோரும் நிறைய விற்கும், இரண்டுக்கும் பின்னால் இருப்பது வெயில். அதுபோல, தூரத்திலிருந்து வரும் பெண் விடியலில் எழுந்து களி கிண்டி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருகிறாள். வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கிறாள். அழுத்தம் பஸ்ஸால் வந்ததா, இவற்றால் வந்ததா என்று நம் ஆய்வால் பிரிக்க முடியாது. இவற்றையும் கேள்வித்தாளில் கேட்டு வைத்தால் ஓரளவு பார்க்கலாம்.

எட்டாம் படி: சபலத்தைத் தாண்டுவது

முடிவு வரவில்லை. சரி, ஆண் பெண் பிரித்துப் பார்ப்போம், பாடப்பிரிவு வாரியாகப் பார்ப்போம், யாராவது இரண்டு பேரை நீக்கிப் பார்ப்போம் என்று மனசு அலையும். உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாத இடத்தில், ஒன்றையொன்று சாராத 20 சோதனை போட்டால், ஒன்றிலாவது பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்துவிடும் வாய்ப்பு 64 சதவீதம். அப்போது முதல் படியில் கையெழுத்து வாங்கி வைத்த தாளை எடுங்கள். அதில் எழுதியதை முதன்மை முடிவாக எழுதுங்கள். மற்றதைப் பிறகு தேடிப் பார்த்தது என்று சொல்லியே எழுதுங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்ற முடிவும் முடிவுதான், அதற்காக யாரையும் ஃபெயில் ஆக்கக் கூடாது என்று சக ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசி வாரத்தில், அறைக்குள் உட்கார்ந்து நண்பர்களோடு சேர்ந்து ஐம்பது தாளைத் தாங்களே நிரப்புவது நடக்கிறது. நெதர்லாந்தில் டீடெரிக் ஸ்டாபெல் என்ற புகழ்பெற்ற சமூக உளவியலாளர் இப்படித் தகவலைக் கற்பனையாக உருவாக்கியது 2011-இல் வெளிவந்து, அவருடைய ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. 128 பேர் கிடைக்காமல் 71 பேர்தான் கிடைத்தார்களா? 71 என்று எழுதுங்கள். கண்டுபிடிக்கும் திறன் குறைந்தது என்பதையும் எழுதுங்கள். அந்த 71 தாளும் நிஜமான ஆட்கள் எழுதியவை.

ஒன்பதாம் படி: எழுதுவதும் திரும்பிப் போவதும்

பெயர் போடவில்லை என்பதால் ஆள் தெரியாது என்று நினைக்காதீர்கள். "சித்தேரியிலிருந்து வந்து முதுநிலை இரண்டாமாண்டு படிக்கும் மாணவி" என்று எழுதினால் கல்லூரிக்கே தெரிந்துவிடும். அட்டவணையில் ஒரு கட்டத்தில் ஐந்து பேருக்கும் குறைவாக இருந்தால் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். பேச்சை மேற்கோள் காட்டும்போது ஊரையும் வகுப்பையும் எடுத்துவிடுங்கள்.

வைவா முடிந்ததும் ஒரு பக்கத்தில், எளிய தமிழில், எத்தனை பேரிடம் கேட்டோம், என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்று எழுதுங்கள். கல்லூரியில் கேட்டிருந்தால் அறிவிப்புப் பலகையில் ஒட்டி, வகுப்புக்குப் போய்ப் பத்து நிமிடம் பேசிவிட்டு வாருங்கள். கிராமத்தில் கேட்டிருந்தால் நேரிலேயே போங்கள். நானும் அந்த மாணவியும் அடுத்த மாசி மாதம் நல்லம்பள்ளிக்குப் போனோம். ஒரே தாள்தான். சத்தமாக வாசித்துக் காட்டினோம். அந்த அம்மா குறுக்கே நிறுத்தி, "தூக்கம் வரலைன்னு இத்தனை பேரு சொன்னாங்களா? நான் மட்டும்னு நெனச்சேன்" என்றார். பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு, மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார்.